மகரக்கட்டு உடைந்த பையன்கள்

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். இந்த ஆண்டு எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. முன்னாள் மாணவர்கள் இசை வகுப்புக்கென்று கொஞ்சம் பணமும் தந்திருக்கிறார்கள். கீபோர்டுகள் வாங்கலாமா, டேப்லெட் வாங்கி ஆப் போட்டுக் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார். கீபோர்டில் பழகினால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடும் முறை, போய்விடும் என்கிறார் என் குரு. இப்போதைக்கு யூடியூபில் பாட்டைப் போட்டு, வரிகளைத் திரையில் காட்டி, கூடவே பாட வைக்கிறேன். பெண் பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள்தான் வாயே திறப்பதில்லை. அவர்களை ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

என் தங்கையின் பேரனுக்குப் பதின்மூன்று வயது. நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்த பையன் மூன்று மாதமாகப் பாடுவதில்லை. கேட்டால் "எனக்கு வராது தாத்தா" என்கிறான். அவனையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

கீபோர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்று வாங்குங்கள், போதும். கமகம் போய்விடும் என்ற பயம் பழையது. ஹார்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. அதனால் ஹார்மோனியமும் அழியவில்லை, கமகமும் அழியவில்லை. கீபோர்டின் அந்தர காந்தாரம் ('க' ஸ்வரத்தின் ஒரு வகை) தம்புராவோடு இழையும் காந்தாரத்தைவிடப் பதினான்கு சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் நூறு சென்ட்) தூக்கலாக இருக்கும் என்பது உண்மைதான். அதைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் கேட்க வையுங்கள், நல்ல பாடமாக இருக்கும். டேப்லெட் வேண்டாம். நாற்பது பிள்ளைகள் நாற்பது காதுமாட்டியோடு உட்கார்ந்தால் அது பாட்டு வகுப்பு இல்லை.

இனி அந்தப் பையன்கள்.

"வாயே திறப்பதில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பாடாத பிள்ளையிடம் ஸ்பீக்கர் ஒயரைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறீர்கள். இது தப்பு, டீச்சர். கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு வராத பிள்ளையைக் கரும்பலகை துடைக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். அந்தப் பையன்கள் ஏன் பாடவில்லை என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

அவர்களுக்கு மகரக்கட்டு உடைகிற, அதாவது பிள்ளைக் குரல் ஆண் குரலாக மாறுகிற வயது. பன்னிரண்டு, பதின்மூன்றில் தொடங்கி ஒன்றிரண்டு வருஷத்தில் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையுள்ள தூரம்) இறங்கிவிடும். நடுவில் சில மாதங்கள் ஐந்தாறு ஸ்வரம் மட்டும் கைவசம் இருக்கும், மற்றதெல்லாம் பிசிறடிக்கும். நீங்கள் போடும் யூடியூப் பாட்டு யாரோ ஒரு பாடகி அவர் வசதிக்கு ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் உயரமும் கூடும்) பாடியது. பெண் பிள்ளைகளுக்கு அது பொருந்துகிறது. பையன் அதே உயரத்தில் பாடப் போனால் மேலே எட்டாது, ஒரு ஸ்தாயி கீழே போனால் வெறும் முனகல். அவனுக்கு நிற்க இடமே இல்லை. அதனால் வாயை மூடிக்கொள்கிறான்.

சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் 'மகரக்கட்டு' என்ற வார்த்தையே ஒரு தண்டனை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற கம்பெனிகளில் பாட்டுதான் சோறு. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் மேல் கட்டையில்தான் பாடியாக வேண்டும். மகரக்கட்டு உடைந்த பையனுக்கு ராஜபார்ட்டும் (கதாநாயகன் வேஷம்) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேஷம்) போய்விடும். மைக் வந்த பிறகுதான் பாடகர்கள் தங்கள் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே சுருதியை இறக்கிக்கொள்ள முடிந்தது. இசைக்குக் கருவிகள் செய்த உபகாரங்களில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். மைக்கும் ஸ்பீக்கரும் உள்ள உங்கள் வகுப்பில் அதே பையன்கள் மறுபடி வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கும் எட்டாம் வகுப்பில் நடந்தது. ஆண்டு விழா ஒத்திகை. டீச்சரின் சுருதிப் பெட்டி துருத்தி வைத்தது, ஐந்து கட்டையில் கம்மென்று நிற்கும். இரண்டாவது வரியில் என் குரல் உடைந்தது. டீச்சர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, மெதுவாக, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். விழாவில் அப்படியே செய்தேன். அம்மா வீட்டுக்கு வந்து "நல்லா பாடினே" என்றாள். அதற்கப்புறம் ஆறு வருஷம் நான் குளியலறையில்கூடப் பாடவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மார்கழியில் பெரியப்பா என்னைத் தங்கள் ஊர் பஜனைக்கு இழுத்துப் போனார். ஹார்மோனியம் வாசித்தவர் ஒரு தையற்காரர். எல்லோரும் ஆளுக்கொரு அடி எடுத்துக்கொடுக்க வேண்டும். எனக்கு வராது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஊர்ல மழையா தம்பி?" என்று பேச்சுக் கொடுத்தார். நான் பதில் சொல்லச் சொல்ல, அவர் விரல் கட்டைகளின் மேல் கீழே நகர்ந்துகொண்டே போனது. இரண்டு கட்டையில் நின்றது. "இதுதான் உன் இடம், இங்கேருந்து எடு" என்றார். எடுத்தேன். வந்தது. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

அந்தத் தையற்காரர் செய்ததை இன்று எந்தக் கருவியும் செய்யும். மின்சுருதிப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டுக் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பதிவான பாட்டை வேகம் மாறாமல் சுருதி மட்டும் இறக்கலாம். ஆனால் யாரும் அந்தத் திருகைத் தொடுவதில்லை. ஊரடங்கின்போது ஆன்லைன் பாட்டு வகுப்புகளில் தம்புரா ஒலியை இரைச்சல் என்று நினைத்து வீடியோ அழைப்புச் செயலி அமுக்கிவிடும். இரைச்சல் நீக்கத்தை அணைக்க வழி இருந்தது. என் தெரு டீச்சர் ஒருவர் சுருதியே கேட்காத வகுப்பை ஒரு வருஷம் நடத்தினார்.

பதிவைப் போட்டுக் கூடவே பாட வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டு போடுவதைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்று அரசே சொன்னது. ஐம்பத்தைந்து நொடிப் பாட்டு. அதற்கும் பென் டிரைவ் தேடுகிற பள்ளிகளைப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் பக்கம் இருக்கும் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். பேச்சுக் கொடுங்கள். சிரமமில்லாமல் எவ்வளவு கீழே வருகிறது என்று கீபோர்டில் தேடுங்கள். அதை மந்திர பஞ்சமமாக (கீழ் ஸ்தாயி 'ப') வைத்து அவனுடைய ஸட்ஜத்தை ('ஸ') குறியுங்கள். மோகன ராகத்தில் நாலைந்து ஸ்வரம் போதும். வகுப்பில் பெண் பிள்ளைகள் ஐந்து கட்டையில் ஒரு அடி, பட்டனை அழுத்தி இறக்கிப் பையன்கள் ஒன்றிலோ இரண்டிலோ அடுத்த அடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், மாறியிருக்கும். பெண் பிள்ளைகளின் குரலும் கொஞ்சம் மாறும், அதையும் கவனியுங்கள்.

அந்த மீதிப் பணத்தில் என்ன வாங்குவது என்று அப்புறம் பேசலாம். உங்கள் பையன்களில் யாருக்கு எந்தக் கட்டை வந்தது என்று முதலில் எழுதுங்கள். என் தங்கை பேரனுக்கு நேற்று ஒன்றரை வந்தது.