கீமோவுக்குப் பின் வாய்ப்புண்: கொப்பளிக்கும் மருந்து எரிந்தால்

வணக்கம். கீமோ முடிந்த எட்டாம் நாள் அம்மாவுக்கு வாயெல்லாம் புண், டாக்டர் எழுதித் தந்த பென்சிடமைன் (வலி குறைக்கக் கொப்பளிக்கும் மருந்து) எரிகிறது என்று உடனே துப்பிவிடுகிறார், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என் அப்பாவுக்குத் தொண்டையில் கதிர்வீச்சு கொடுத்தபோது நாங்களும் இதே பாடு பட்டோம்.

எரிந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளலாம். 15 மில்லி மருந்துக்கு 15 மில்லி தண்ணீர். அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்பணும், விழுங்கக் கூடாது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கொடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் நாலு வாய் குழைந்த கஞ்சி இறங்கும், அதுவும் நன்றாக ஆறியிருந்தால். காரம், புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள்.

வாயை மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் மருந்தைக் கொடுத்தால் அது வேறு கதை. தொண்டையே மரத்துப்போகும், புரையேறும். ஒரு மணி நேரம் எதுவும் ஊட்டாதீர்கள்.

இடையிடையே ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், புண்ணைக் காயவைத்து இன்னும் எரியும்.

நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சையாக இருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

அம்மா இன்று என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கள்.