உறக்கத்திலிருந்து விழிக்காத திரை: மடிக்கணினி கேள்வி-பதில்

கேள்வி: மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தால் மின்விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தி அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகிவிடுகிறது. திரையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அணைத்து இயக்கியதும் படம் ஒழுங்காக வருகிறது என்றால் திரையில் பெரும்பாலும் பழுது இருக்காது. அடுத்த முறை கருப்புத் திரை வந்ததும், வேறு எதையும் செய்வதற்கு முன் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கணினி விழித்துவிட்டது, திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர்தான் விழிக்கவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்த டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும். அதில் படம் வந்துவிட்டால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் உள்ள 'ரோல் பேக் டிரைவர்' வழியாகப் பழையதற்கே திரும்புவது நல்லது.

விளக்கு அசையவே இல்லையென்றால் கணினியே உறைந்திருக்கக்கூடும். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். சேமிக்காத வேலை போய்விடும் என்பதால், குறை தீரும்வரை மூடியை இறக்குமுன் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: திரை இருண்டிருந்தாலும், உற்றுப் பார்த்தால் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன.

பதில்: படம் வருகிறது, அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்தான் எரியவில்லை. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் இது தெளிவாகத் தெரியும். சில கணினிகள் விழிக்கும்போது வெளிச்ச அளவைத் தவறாகக் குறைத்துவிடுவதுண்டு என்பதால், முதலில் வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். மூடியின் கோணத்தை மாற்றும்போது ஒளி வந்து வந்து போகிறதா? அப்படியானால் கீல் வழியாகத் திரைக்குச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுத் திரையோடு ஒப்பிட்டால் கேபிளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆகவே, பழுது பார்ப்பவர் திரையை மாற்றச் சொன்னால், கேபிளைச் சோதித்தாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: தினமும் இரவில் ஷட் டவுன் செய்தும் இந்தத் தொல்லை தொடர்கிறதே?

பதில்: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் ஏற்றப்படுகின்றன. டிரைவரில் இருந்த கோளாறும் கூடவே வந்துவிடலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டனின் செயலைத் தேர்வுசெய்யும் பக்கத்தில் இந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கவனியுங்கள்.

கேள்வி: மூடாமலேயே, வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை அணைந்து உறக்க நிலைக்குப் போய்விடுகிறது.

பதில்: பல மடிக்கணினிகளில் மூடி மூடப்பட்டதை அறிவது ஒரு சிறு காந்தமும் அதை உணரும் சென்சாரும்தான். கைப்பேசி உறையிலோ கைக்கடிகாரப் பட்டையிலோ காந்தம் இருந்தால், அது விசைப்பலகைப் பக்கம் வரும்போது, மூடி இறங்கிவிட்டதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். அவற்றைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.