முன்னாள் படைவீரர் மருத்துவ ஆராய்ச்சி: நம் நன்கொடை எங்கே போகிறது? வாசகர் கேள்வி–பதில்

நவம்பர் 11 அமெரிக்காவில் படைவீரர் நாள். அது நெருங்க நெருங்க நன்கொடை கேட்கும் போன்களும் கடிதங்களும் கூடிக்கொண்டே போகும். இந்த முறை நமக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான், அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என் கணவர், குடியுரிமை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தில், தமிழ் தெரியும் என்ற தகுதியின் பேரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானில் இருந்த முகாமில் இரவு பகலாகக் குப்பையை எரிப்பார்களாம். இப்போது மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, படைவீரர்களின் நுரையீரல் நோய் ஆராய்ச்சிக்காக 200 டாலர் கேட்டார். மிகவும் உருக்கமாகப் பேசினார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, சான் அன்டோனியோ

பதில்: அந்தப் போனில் கொடுக்காதீர்கள். அவர் நேர்மையான ஆளாகவே இருக்கலாம், ஆனால் நாளை நீங்களே தேடிப்போய்க் கொடுத்தாலும் அதே பணத்தை அந்த அமைப்பு வாங்கிக்கொள்ளும், அதனால் இன்றைக்கே கார்டு நம்பர் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அமைப்பின் முழுப் பெயரையும் அதன் வரி அடையாள எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் சொல்லுங்கள் என்றாலோ, பணத்தை வயர் செய்யுங்கள் என்றாலோ அது ஏமாற்றுதான், மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஃப்ளோரிடாவில் 'ஹெல்ப் தி வெட்ஸ்' என்று ஓர் அமைப்பு இருந்தது. 'வெட்ஸ் ஃபைட்டிங் பிரெஸ்ட் கேன்சர்' மாதிரியான வேறு பெயர்களிலும் அதுவே பணம் திரட்டியது. காயம்பட்ட வீரர்களின் மருத்துவத்துக்கு, தற்கொலைத் தடுப்புக்கு என்றெல்லாம் சொல்லிக் கேட்டார்கள். வந்த ஒவ்வொரு 100 டாலரிலும் 95 டாலர் நன்கொடை திரட்டும் செலவுக்கும் நிர்வாகத்துக்கும் நடத்தியவரின் சம்பளத்துக்குமே போனது என்று நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-ல் வழக்குப் போட்டது. அந்த ஆள் இனி நன்கொடையே திரட்டக் கூடாது என்ற தடையோடு வழக்கு முடிந்தது. வீரர்களின் பெயரால் நடந்த இதுபோன்ற மோசடிகள் மீது அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட நடவடிக்கைகள் எடுத்தார்கள். 'படைவீரர்', 'புற்றுநோய்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் நம் மனம் இளகிவிடும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைக்கிறார்கள். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எப்படிச் சரிபார்ப்பது? வரித்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், அமைப்பு 501(சி)(3) பட்டியலில், அதாவது வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகளின் பட்டியலில், இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து படிவம் 990. வரிவிலக்கு பெற்ற பெரும்பாலான அமைப்புகள் ஆண்டுதோறும் இதைத் தாக்கல் செய்ய வேண்டும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் 'நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்' இணையப் பக்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கங்கள் அதிகம்தான், பயப்பட வேண்டாம், ஒன்பதாம் பகுதிக்கு நேராகப் போங்கள். மொத்தச் செலவையும் திட்டப்பணி, நிர்வாகம், நிதி திரட்டல் என மூன்றாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ஆராய்ச்சிக்கு என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது 'ஐ' என்ற இணைப்பில் இருக்க வேண்டும். வெளியே கொடுக்காமல் தாங்களே ஆய்வு நடத்துகிறோம் என்றால், என்ன ஆய்வு என்பது மூன்றாம் பகுதியில் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லையென்றால் அங்கே ஆராய்ச்சி நடக்கவில்லை என்று அர்த்தம். ஒன்பதாம் பகுதியின் 26-ஆம் வரியையும் ஒரு பார்வை பாருங்கள். நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் "புகைபிடிக்காதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, தபால் செலவில் ஒரு பங்கை 'மக்களுக்கு விழிப்புணர்வு' என்ற கணக்கில் எழுதுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே பெரிய தொகை தெரிந்தால் உஷாராகிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் வீட்டுக் காரியம் ஒன்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டப்படி, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் குப்பை எரிக்கும் எரிகுழிகளின் புகைக்கு அருகே பணியாற்றியவர்களுக்குப் பின்னால் வரும் ஆஸ்துமா உட்படப் பல நோய்கள் பணியால் வந்தவை என்றே எடுத்துக்கொள்ளப்படும், எரிகுழியால்தான் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் படைவீரர் நலத்துறையிடம் இழப்பீட்டு மனு இன்னும் போடவில்லை என்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். 'டிசேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ்' போன்ற சங்கங்களில் இதற்கென்றே அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டார்கள்.

கேள்வி: உலகத்திலேயே ராணுவத்துக்கு அதிகம் செலவு செய்யும் நாடு அமெரிக்கா. தன் வீரர்களின் நோய்க்கு ஆராய்ச்சி செய்ய அந்த அரசிடம் பணம் இல்லையா? நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போருக்கு அனுப்பியவர்கள்தான் மருத்துவத்துக்கும் பொறுப்பு, அதை எந்த நன்கொடையும் மாற்றிவிடக் கூடாது.

அரசும் சும்மா இல்லை. படைவீரர் நலத்துறையை எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். நூறு ஆண்டுகளாக அதன் மருத்துவமனைகளில் ஆராய்ச்சி நடக்கிறது, இப்போது அதற்கென்று ஆண்டுக்கு 90 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்படுகிறது. அதனால் பலன் பெறுவது வீரர்கள் மட்டும் இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் வி.ஏ. மருத்துவமனையில், துப்புரவுச் சாமான் வைக்கும் சின்ன அறையை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கியவர் ரோசலின் யாலோ. அவரும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள், காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தார்கள். யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது, பெர்சன் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே இறந்துவிட்டார். இன்றைக்கு நம் வீட்டுப் பெண்கள் எடுக்கும் தைராய்டு டெஸ்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. தினமும் ஒரு ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 12 வி.ஏ. மருத்துவமனைகளில் 1,266 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 1983-ல் வெளியானது. நிலையற்ற நெஞ்சுவலியோடு வந்த அந்த நோயாளிகளில், மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பேஸ்மேக்கர், நிகோடின் பேட்ச் கதைகளிலும் வி.ஏ. டாக்டர்களின் பெயர் வரும்.

பிறகு தனியார் பணம் எதற்கு என்றால், அரசுப் பணம் வருவதற்கு முந்தைய கட்டத்துக்கு. ஒரு வி.ஏ. டாக்டர் தன்னிடம் வரும் நோயாளிகளில் ஏதோ ஒன்றைக் கவனிக்கிறார், ஆராய வேண்டும் என்று தோன்றுகிறது. தேசிய சுகாதார நிறுவனத்திடம் மானியம் கேட்டுப் போனால் "முதல் கட்டத் தரவு எங்கே?" என்பார்கள். அந்தத் தரவைச் சேர்க்க ஒரு நர்ஸின் சில மாதச் சம்பளம், ரத்த மாதிரிகளை உறைநிலையில் வைக்கும் செலவு, புள்ளிவிவரம் பார்க்க ஒரு ஆள், இவ்வளவுதான் வேண்டும். அரசின் கணக்கில் அது தூசு, ஆனால் அந்தத் தூசுக்குத்தான் பட்ஜெட்டில் இடம் கிடைக்காது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் வயலுக்கு மட்டும் வாய்க்கால் வெட்டி என்ன பயன்? நம்மைப் போல 50, 100 என்று கொடுக்கிறவர்களின் பணத்துக்கு அதிக மதிப்பு இருக்கும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சரி, கொடுக்க முடிவு செய்துவிட்டேன். யாருக்குக் கொடுப்பது? பெயர் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முதலில் உங்கள் ஊர் வி.ஏ. மருத்துவமனையோடு இணைந்த ஆராய்ச்சி அறக்கட்டளையைப் பாருங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 1988-ல் வந்த ஒரு சட்டம், வி.ஏ. மருத்துவமனைகள் லாபநோக்கற்ற ஆராய்ச்சிக் கழகங்களை அமைத்துக்கொள்ள வழி செய்தது. வெளியிலிருந்து வரும் மானியத்தையும் நன்கொடையையும் வாங்கி, ஆள் வைத்து, கருவி வாங்கி, அரசு நடைமுறையில் மாதக்கணக்காகும் வேலையைச் சீக்கிரமாக முடித்துக்கொடுப்பவை இவை. நாடு முழுக்க ஏறக்குறைய 80 இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே பாலோ ஆல்டோவில் ஒன்றும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்றும் உண்டு, சான் டியாகோவிலும் பாஸ்டனிலும் உண்டு. அந்த மருத்துவமனையின் இயக்குநர் நிர்வாகக் குழுவில் இருந்தே ஆக வேண்டும், அரசு ஊழியர் அல்லாதவர்களும் இருக்க வேண்டும், ஆண்டறிக்கை வி.ஏ.வுக்குப் போக வேண்டும். இவ்வளவு கண்காணிப்பு மற்ற அறக்கட்டளைகளுக்குக் கிடையாது. இவர்கள் பெரிதாக விளம்பரம் செய்வதும் இல்லை. மின்னஞ்சல் போட்டு, "மூளைக்காய ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்பீர்களா?" என்று கேளுங்கள். அங்கே பதில் சொல்வது பெரும்பாலும் நேரடியாக வேலை பார்க்கும் ஆளாகவே இருப்பார்.

ஒரு குறிப்பிட்ட நோய் உங்கள் மனதில் இருந்தால் வேறு வழிகளும் உண்டு. தண்டுவடக் காயம் என்றால் 'பேரலைஸ்டு வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா'. 1946-ல் இரண்டாம் உலகப் போரில் நடை இழந்தவர்களே சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. யேல் பல்கலைக்கழகமும் வி.ஏ.வும் சேர்ந்து நடத்தும் நரம்பியல் ஆய்வு மையத்துக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது. நரம்பில் வலியைக் கடத்தும் சோடியம் வழித்தடங்களைப் பற்றி அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்த, பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வகையைச் சேராத புது வலி மருந்து ஒன்று அப்படிப்பட்ட ஒரு வழித்தடத்தை அடைத்துத்தான் வேலை செய்கிறது. போரில் கை கால் இழந்து, இல்லாத காலில் எரிச்சலோடு இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு இந்தத் துறையில் நகரும் ஒவ்வொரு அடியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

புராஸ்டேட் புற்றுநோய் என்றால் 'புராஸ்டேட் கேன்சர் ஃபவுண்டேஷன்'. ஆண் வீரர்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அது முதல் வரிசையில் இருக்கிறது, வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியைத் தெளித்த காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு அது பணியால் வந்த நோய் என்றே கருதப்படுகிறது. 2016-ல் அந்த அறக்கட்டளை 5 கோடி டாலர் தருவதாக வி.ஏ.வோடு ஒப்பந்தம் செய்தது. மூளைக்காயம், போருக்குப் பிந்தைய மன அழுத்தம் ஆகியவற்றை ரத்தப் பரிசோதனை போன்ற வழிகளில் கண்டறிய முடியுமா என்று தேடுவது 'கோஹன் வெட்டரன்ஸ் பயோசயின்ஸ்'.

'பாப் வுட்ரஃப் ஃபவுண்டேஷன்', 'வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட்' எல்லாம் பெயர்பெற்றவை, ஆனால் அவர்களின் முதன்மை வேலை வீரர்களுக்கும் குடும்பங்களுக்குமான உதவி. அதுவும் தேவைதான். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அங்கே கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நிர்வாகச் செலவு 25 சதவீதம் என்று ஒரு அறக்கட்டளையின் கணக்கில் பார்த்தேன். நூறு கொடுத்தால் இருபத்தைந்து போகிறது. இது கொள்ளை இல்லையா?
— ஒரு வாசகர், சிகாகோ

பதில்: இல்லை. ஆராய்ச்சி நடத்தும் இடத்தில் கணக்காளர் வேண்டும், நோயாளியின் ஒப்புதலைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவுக்கு ஆள் வேண்டும், மருத்துவத் தகவல் வெளியே கசியாமல் பாதுகாக்கக் கம்ப்யூட்டர் ஆட்கள் வேண்டும். இவை எல்லாம் நிர்வாகச் செலவில்தான் வரும். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசும் அமைப்பைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சதவீதத்தைவிட, மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்து வைத்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நிதி திரட்டும் செலவு ஏறிக்கொண்டே போய், ஆராய்ச்சிக்குப் போவது அப்படியே நின்றால் விலகிவிடலாம். கொடுத்த மானியத்தால் என்ன ஆய்வுக் கட்டுரை வந்தது, அதைக் காட்டி எந்த அரசு மானியம் கிடைத்தது என்று எழுதிக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நல்ல அமைப்பு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். எதிர்பார்த்த பலன் வராத ஆய்வையும் அதில் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது, தோற்ற ஆய்வை மறைக்காத இடத்தில் பணம் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: வரிச் சலுகை உண்டா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன்.
— ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: விசா எது என்பது முக்கியம் இல்லை, வரிக் கணக்கில் நீங்கள் ரெசிடென்ட் என்றால் மற்றவர்களுக்கு உள்ள விதிதான் உங்களுக்கும். 2026 வரி ஆண்டிலிருந்து செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் எடுப்பவர்களும், பணமாகக் கொடுத்த நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரசீதை வைத்திருங்கள். உங்கள் கம்பெனி நன்கொடைக்கு இணையாகத் தானும் கொடுக்குமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், நம்மவர்களில் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் மகன் கடற்படையில் இருந்து வந்தவன். நான் ஓய்வு பெற்ற விதவை. பணம் கொடுக்கும் நிலையில் இல்லை. வேறு ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு தாய், வர்ஜீனியா

பதில்: முடியும் அம்மா, அதுவும் பணத்தால் வாங்க முடியாத உதவி. 'மில்லியன் வெட்டரன் புரோகிராம்' என்று வி.ஏ. 2011-ல் தொடங்கிய மரபணு ஆய்வு ஒன்று இருக்கிறது. ரத்த மாதிரியும் உடல்நல விவரமும் கொடுத்துச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 2023 நவம்பரில் பத்து லட்சத்தைத் தொட்டது. உங்கள் மகன் சேரலாம், அவருக்கு இஷ்டம் இருந்தால் மட்டும். மருத்துவ ஆய்வுகளில் தெற்காசிய வம்சாவளியினர் மிகக் குறைவு. நம் பிள்ளைகளுக்கு எந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று தெரிய நம் பிள்ளைகளின் ரத்தமும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, பாதுகாப்புத் துறையின் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சித் திட்டங்களில், எந்த விண்ணப்பத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று மதிப்பிடும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் உட்கார வைக்கிறார்கள். பெரிய படிப்பு வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அந்த நோயோடு வாழ்ந்த அனுபவம்தான் தகுதி. பொதுவாக அந்த நோய்க்கான ஏதாவது ஒரு சங்கம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் மகனுக்கு எந்த நோய் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதி அனுப்பினால், எந்தச் சங்கத்தை அணுகலாம் என்று தேடிப் பார்த்துத் தனியாகவே பதில் எழுதுகிறேன்.