வாப்பா ஏன் எழுந்து போனார்?

கேள்வி: பெருநாள் லீவில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'இன்டர்ஸ்டெல்லார்' பார்த்தோம். காக்கா (அண்ணன்) கண் கலங்கிவிட்டார். உம்மா பாதியிலேயே தூங்கிவிட்டார். ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருடம் ஓடிவிடும் என்பது, எனக்குக் காதில் பூ சுற்றுவது போலத்தான் இருந்தது. இருபது வருடம் துபாயில் இருந்து வந்த வாப்பா, எதுவும் பேசாமல் நடுவில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இது நல்ல படமா, இல்லையா?
- வாசகி, கீழக்கரை

பதில்: நல்ல படம்தான் தங்கச்சி. ஆனால் உம்மா தூங்கியதில் தப்பே இல்லை. 169 நிமிடப் படம். பல இடங்களில் பேச்சு இசைக்குள் முங்கிப்போகிறது. 2014-இல் வெளியானபோதே பல ஊர்க்காரர்களும் சொன்ன குறை இது. கடைசியில் புத்தக அலமாரிக்குப் பின்னால் நடப்பது எனக்கும் ஒட்டவில்லை. அதுவரை கணக்கை நம்பி வந்த படம், அங்கே அன்பின் மேல் பாரத்தைப் போட்டுவிடுகிறது.

அந்த ஏழு வருடத்தை மட்டும் பூ சுற்றல் என்று தள்ளிவிடாதீர்கள். கனத்த பொருளை நெருங்க நெருங்கக் காலம் மெதுவாக ஓடும். பாம்பனில் என் சித்தப்பாவின் விசைப்படகில், ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கும். அதற்கு வழி சொல்லும் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஈர்ப்பு குறைவதால் அங்கே கடிகாரம் நாளைக்கு 45 மைக்ரோ நொடி (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முந்தும், வேகத்தால் 7 பிந்தும். ஆக 38 முந்தும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் 10 கி.மீ. அளவுக்குப் பிசகிவிடும். எங்கள் கடலில் 10 கி.மீ. பிசகினால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரம் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படத்தில் அந்தக் கிரகம், ஒளியையே விழுங்கும் அளவுக்குக் கனத்த ராட்சதக் கருந்துளையின் ஓரத்தில் இருக்கிறது, அதனால்தான் மணி வருடமாகிறது. அறிவியலுக்கு ஆலோசனை சொன்ன கிப் தோர்ன், ஈர்ப்பலை ஆய்வுக்காக 2017-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

அப்புறம், வாப்பா. கிரகத்திலிருந்து திரும்பும் நாயகனுக்கு 23 வருடத்து வீடியோக்கள் காத்திருக்கின்றன. திரையில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போகிறார்கள், அவன் பார்த்தபடி அழுகிறான். வாப்பா எழுந்தது அந்த இடமாகத்தான் இருக்கும்.

என் அப்பா சவூதியிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். "பல்லு விழுந்துருச்சாடா?" என்று கேட்ட கேசட் கைக்கு வந்தபோது எனக்குப் புதுப் பல்லே முளைத்திருந்தது. ஊர் திரும்பிய அன்று கோடு போட்ட சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். கை முழங்கையோடு நின்றது, பட்டன் சேரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து, கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

வாப்பாவிடம் படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். துபாயிலிருந்து உங்களுக்கு முதலில் வாங்கிவந்த உடுப்பு சரியாக இருந்ததா என்று கேளுங்கள்.