மச்சானின் பறக்கும் காருக்கு மனைவியின் நகையை வைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். அக்காவின் கணவர், பறக்கும் கார் கம்பெனி ஒன்றுக்கு மாவட்ட ஏஜென்சி எடுக்கப் போகிறார். மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பக்தர்களை ஏற்றி வந்தால் நல்ல வருமானம் என்கிறார். என் பங்கு 6 லட்சமாம். ஏற்கெனவே அவருடைய இறால் பண்ணைக்காக மனைவியின் நகையை வைத்து 4 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். 12 சதவீத வட்டி. மூன்று வருடமாக வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். மீதி நகையையும் வைக்கலாமா? பறக்கும் கார் நிஜமாகவே அன்றாடப் பயன்பாட்டுக்கு வருமா?

பதில்: கார் இருக்கட்டும். 'வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். வருடத்துக்கு 48,000 வீதம் மூன்று வருடத்தில் 1,44,000 ரூபாய் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இன்னும் 6 லட்சம் சேர்ந்தால் வட்டி மட்டும் மாதம் 10,000. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, உங்களுக்குச் சரக்கு வராது. அந்த 61 நாளும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, காருக்கு வருவோம். அமெரிக்காவில் மோல்டன் டெய்லரின் ஏரோகார் 1949-லேயே பறந்தது, 1956-ல் சான்றிதழும் வாங்கியது. மொத்தம் ஆறுதான் கட்டினார்கள். 2021-ல் ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து போனது. அதற்கும் ஓடுபாதை வேண்டும், ஓட்டுபவருக்கு விமானி உரிமம் வேண்டும். நின்ற இடத்திலிருந்தே எழும்பும் மின்சார வகைக்குப் பேட்டரிதான் தடை. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 250. இறங்காமல் அந்தரத்தில் நிற்பதற்கே அது வேகமாகக் கரையும். பெரும் முதலீடு திரட்டிய ஜெர்மனியின் லிலியம், வோலோகாப்டர் இரண்டுமே 2024 கடைசியில் திவால் மனு போட்டன. பாம்பன் காற்று உங்களுக்குத் தெரியாததா? 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்தினார்கள். போகிற வழியில் உச்சிப்புளியில் கடற்படை விமானதளமும் இருக்கிறது. பறக்க முடியும், சந்தேகமில்லை. நீங்களும் நானும் கடைக்குப் போய்வர உதவுமா என்றால், நம் காலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே பறக்க அனுமதி வாங்காத வண்டிக்கு இப்போதே ஏஜென்சிப் பணம் கேட்பவர்களிடம் மச்சானையும் போகவிடாதீர்கள்.

முடியாது என்பதை அக்காவையும் வைத்துக்கொண்டு நேரில் சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம் மச்சான்' என்று போனில் இழுத்தால் அடுத்த மாதமும் கேட்பார்.

அப்புறம், அந்த 4 லட்சம் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால், அடுத்து மாற்றும்போது நான்கு சீட்டாகப் பிரித்து வையுங்கள். புதுக் கடனுக்கு மாதம் 6,000 வட்டி கட்டத் துணிந்தீர்கள் அல்லவா? இப்போதைய வட்டியோடு அந்த 6,000-ஐயும் ஒதுக்கினால், பதினேழு மாதத்தில் ஒரு சீட்டு மீண்டுவிடும். எந்த நகை முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும்.