சாசனத்தைக் காட்டச் சொன்னவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். அமெரிக்கக் குடியேற்றங்களில் அரசு உருவான கதையைச் சொல்லும்போது, 1620இல் மேஃப்ளவர் கப்பலில் போன ஆங்கிலேயக் குடியேறிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மேஃப்ளவர் ஒப்பந்தத்தை ‘மக்களாட்சியின் விதை’ என்கிறார்கள். தாங்களும் ஒரு கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருந்தீர்கள். மூலத்தைத் தேடிப் படித்தேன். ஒரே ஒரு பத்தி. தொடக்கமே ‘மன்னர் ஜேம்ஸின் விசுவாசமுள்ள குடிகள்’ என்றுதான் இருக்கிறது. இதில் விதை எங்கே? மாணவர்களுக்கு ஒரே ஓர் ஆவணத்தைத்தான் கொடுக்க முடியும் என்றால் எதைக் கொடுப்பது? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டுரையை எழுதியபோது நான் ஒப்பந்தத்தைப் படித்திருக்கவில்லை. பத்துப் பேர் சொன்னதைப் பதினோராவது ஆளாகச் சொல்லிவைத்தேன்.

நீங்கள் படித்ததும் மூலம் இல்லை. 41 ஆண்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள் தொலைந்துவிட்டது. நமக்கு மிஞ்சியிருப்பவை 1622இல் லண்டனில் அச்சான பாடமும், அதே கப்பலில் வந்து பின்னர் அக்குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் வரலாற்றில் எடுத்தெழுதிவைத்ததும்தான். பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதியே அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போய், 1855இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டு, 1897இல் ஊர் திரும்பியது. ஒப்பந்தம் ஏன் எழுதப்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. அனுமதி வாங்கியது வர்ஜீனியாவுக்கு, கப்பல் போய்ச் சேர்ந்தது அந்த எல்லைக்கு வெளியே வடக்கில் இருந்த கேப் காடுக்கு. ‘இங்கே எங்களை அதிகாரம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை’ என்று கப்பலிலேயே சிலர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கரையில் இறங்குவதற்கு முன் அவசரமாகப் போட்ட முடிச்சு அது.

உங்கள் மாணவர்களுக்கு நான் கொடுப்பது வேறொன்று: மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பில் 1634 ஏப்ரல், மே மாதப் பக்கங்கள்.

மாசசூசெட்ஸ் முதலில் ஒரு வியாபாரக் கம்பெனி. 1629இல் மன்னர் சார்லஸ் அளித்த சாசனத்தில் ஓர் ஆளுநர், ஒரு துணை ஆளுநர், 18 உதவியாளர்கள், ஆண்டுக்கு நான்கு முறை கூடும் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் எல்லாம் இருந்தன. கூட்டத்தை எந்த ஊரில் கூட்டுவது என்பது மட்டும் இல்லை. அதனால் 1630இல் வின்த்ரோப் சாசனத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் சென்னையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியும் சாசனக் கம்பெனிதான். ஆனால் அதன் பங்குதாரர்கள் கூடிய இடம் கடைசிவரை லண்டன்.

அமெரிக்கா வந்ததும் கம்பெனிச் சாசனம் அரசியல் சட்டமாக மாறியது. அதைப் படித்தவர்கள் மட்டும் சிலரே. சட்டம் போடும் வேலையை ஆளுநரும் உதவியாளர்களும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1632இல் வரி கேட்டபோது வாட்டர்டவுன் ஊர்க்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ‘இப்படிக் கொடுத்தால் நாமும் நம் சந்ததியும் அடிமைகளாவோம்’ என்று அவ்வூர்ப் போதகரே எச்சரித்தார்.

1634 வசந்தத்தில் ஊருக்கு இருவராகச் சிலர் கூடி, சாசனத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினார்கள். சட்டங்கள் எல்லாம் பொதுக்கூட்டத்தில்தான் இயற்றப்பட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நேராக வின்த்ரோப்பிடம் போனார்கள். ‘சாசனம் எழுதிய காலத்தில் உறுப்பினர்கள் சிலர்தான் இருப்பார்கள் என்று நினைத்தார்கள், இப்போது கூட்டம் பெருகிவிட்டது’ என்று அவர் சமாளித்தார். வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை சிலர் வந்து சட்டங்களைப் பார்வையிடலாம், குறை சொல்லலாம், புதுச் சட்டம் மட்டும் போடக் கூடாது என்றார். அது எடுபடவில்லை. மே மாதம் கூடிய பொதுக்கூட்டம் சட்டம், வரி, நிலம் மூன்றும் தன் அதிகாரம் என்று அறிவித்தது. ஊர்ப் பிரதிநிதிகள் வந்து அமர வழி செய்தது. கையோடு வின்த்ரோப்பை இறக்கிவிட்டுத் தாமஸ் டட்லியை ஆளுநராக்கியது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு இன்றும் அதே கம்பெனிக் கூட்டத்தின் பெயர்தான்: ஜெனரல் கோர்ட்.

எனக்குப் பிடித்தது, இதையெல்லாம் நமக்குச் சொல்வது தோற்றவரின் பேனா என்பது. தன்னையே ‘ஆளுநர்’ என்று படர்க்கையில் குறித்துக்கொண்டு, தன் சமாதானம் செல்லாமல் போனதையும் எழுதிவைத்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டவர்கள் என்ன தொனியில் கேட்டார்கள் என்பது அதில் இல்லை. அந்த இடைவெளியையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

கூடவே ஒரு படமும் கொடுங்கள். கேட்கும் உரிமை பெற்றவர்கள் திருச்சபையில் சேர்க்கப்பட்ட ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் அங்கே இடமில்லை. அந்த மண்ணுக்கு உரியவர்கள் எங்கே என்று மாணவர்கள் கேட்டால், கம்பெனியின் முத்திரையைக் காட்டலாம். இடுப்பில் இலை கட்டிய ஒரு பூர்வகுடி மனிதர், கைகளில் வில்லும் அம்பும். அவர் வாயிலிருந்து ஒரு வாசகம் வெளிவருகிறது: ‘வந்து எங்களுக்கு உதவுங்கள்.’ பைபிளில் பவுல் கண்ட கனவில் மக்கெதோனியா நாட்டவர் சொல்லும் வார்த்தை அது. முத்திரை 1629இல் பயன்பாட்டுக்கு வந்தபோது வின்த்ரோப் இன்னும் கப்பலே ஏறியிருக்கவில்லை.

அன்புடன்.