கிளிநொச்சியில் பழைய கொம்பியூட்டரில் மைன்கிராஃப்ட் சேர்வர்: கட்டளை வரியில் ஒழுங்காக நடத்துவது எப்படி?

கேள்வி: பழைய டெஸ்க்டொப் ஒன்றில் உபுண்டு சேர்வர் போட்டு, லெப்டொப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்கும் இணைப்பு) வழியாக மைன்கிராஃப்ட் ஜாவா சேர்வர் ஓட்டுகிறோம். எஸ்எஸ்எச்சை மூடினால் சேர்வரும் நிற்கிறது. கரண்ட் போய் வந்தால் கடைசியாகக் கட்டியது காணாமல் போகிறது. முள்ளியவளையிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பெடியளால் உள்ளே வர முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

சேர்வரைத் தொடக்க ஒரு வரி போதும். ஒழுங்காக நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது. மைன்கிராஃப்ட் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் உடனே டிஸ்கில் எழுதுவதில்லை. மெமரியில் வைத்திருந்து ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும். "ஸ்டொப்" என்று சொன்னால் மிச்சத்தையும் எழுதிவிட்டு மூடும். எஸ்எஸ்எச்சை மூடும்போது லினக்ஸ் சிக்ஹப் என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. ஜாவா அதைக் கேட்டு, எழுதி முடித்துவிட்டே நிற்கும். அதனால்தான் அந்த நேரத்தில் ஒன்றும் தொலைவதில்லை. கரண்ட் போகும்போது அதற்குச் சொல்ல ஆளில்லை. எழுதிக்கொண்டிருந்த நொடியில் போனால் உலகத்தின் ஒரு துண்டை வைத்திருக்கும் ரீஜன் கோப்பே பழுதாகலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் சேர்விஸ்களைத் தொடக்கி நிறுத்தும் மென்பொருள்) கோப்பில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள்.

இன்றைக்கே ஒரு தீர்வு வேண்டுமென்றால் டிமக்ஸ் போடுங்கள். "டிமக்ஸ் நியூ -எஸ் மைன்" என்று திறந்து, அதற்குள் சேர்வரைத் தொடக்கி, கொன்ட்ரோல்+பி அழுத்தி விட்டு டி (d) தட்டினால் வெளியே வரலாம். எஸ்எஸ்எச் போனாலும் அது ஓடும். திரும்பிப் போக "டிமக்ஸ் அட்டாச் -டி மைன்" (இங்கே டி என்பது t). ஆனால் கொம்பியூட்டர் திரும்பத் தொடங்கினால் டிமக்ஸ் தானாக வராது. ஆகவே நிரந்தரத்துக்கு சிஸ்டம்டிதான்.

முதலில் சேர்வருக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு. ரூட்டில் ஓட்டவே வேண்டாம். எட்ஸி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறைக்குள் மைன்.சேர்விஸ் என்று ஒரு கோப்பு. அதில் யூசர், வேர்க்கிங்டைரக்டரி, எக்ஸெக்ஸ்டார்ட் மூன்றும் கட்டாயம். எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஜாவாவின் முழுப் பாதையையும் கொடுங்கள். மைன்கிராஃப்ட் 1.20.5 இலிருந்து 1.21 வரிசைக்கு ஜாவா 21 வேண்டும். 17 இருந்தால் தொடங்கும்போதே பதிப்புப் பிழை சொல்லி நின்றுவிடும். 8 ஜிபி மெமரி என்றால் எக்ஸ்எம்எக்ஸ் (ஜாவா எடுக்கக்கூடிய மெமரியின் எல்லை) 4ஜி, 4 ஜிபி என்றால் 2ஜி. முழுவதையும் ஜாவாவுக்குக் கொடுத்தால் லினக்ஸ் மூச்சு முட்டி சேர்வரையே கொன்றுவிடும். சிஸ்டம்டி சிக்கில் (உடனே கொல்லும் சமிக்ஞை) என்று சொன்னாலோ, வெளியேறிய எண் 137 ஆக இருந்தாலோ இதைச் சந்தேகித்து டிமெசேஜ் பதிவில் "அவுட் ஒஃப் மெமரி" இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் விட்டுவிடுகிற மூன்று வரிகள் இருக்கின்றன. ரீஸ்டார்ட் = ஒன்-ஃபெய்லியர். டைம்அவுட்ஸ்டொப்செக் = 180; சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிதான் பொறுக்கும், அதற்குப் பிறகு சிக்கில் அடித்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்கில் பெரிய உலகம் எழுதி முடிய 90 நொடி போதாமல் போகலாம். மூன்றாவது, சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ் = 143. சிக்டெர்ம் (நிற்கச் சொல்லும் சமிக்ஞை) கேட்டு ஒழுங்காக நின்ற ஜாவா 143 என்ற எண்ணோடு வெளியேறும். இந்த வரி இல்லாவிட்டால் சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று எழுதிவைக்கும், நீங்களும் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சிஸ்டம்டியில் போட்டதும் சேர்வரின் கொன்சோலில் எப்படித் தட்டச்சு செய்வது என்ற கேள்வி வரும். பலரும் ஆர்கொன் (நெட்வேர்க் வழியாகக் கட்டளை அனுப்பும் வசதி) திறப்பார்கள். அதன் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது, ஆகவே 25575 ஆம் போர்ட்டை வெளியே திறக்கக் கூடாது. எனக்குப் பிடித்த வழி ஒரு ஃபைஃபோ குழாய்: அதற்குள் எழுதுவது நேரே சேர்வருக்குப் போகும். மைன்.சொக்கெட் என்று இன்னொரு கோப்பு எழுதி லிஸின்ஃபைஃபோ என்பதில் "ரன்" கோப்புறைக்குள் ஒரு பெயரைக் கொடுங்கள். சேர்விஸ் கோப்பில் சொக்கெட்ஸ் = மைன்.சொக்கெட், ஸ்டாண்டர்ட்இன்புட் = சொக்கெட், ஸ்டாண்டர்ட்அவுட்புட் = ஜேர்னல். இனி "எக்கோ லிஸ்ட்" என்று அந்தக் குழாய்க்குள் தள்ளினால் யார் யார் உள்ளே என்று "ஜேர்னல்சிடிஎல் -யூ மைன் -எஃப்" இல் தெரியும். போர்ட்டும் கடவுச்சொல்லும் தேவையில்லை.

பேக்கப்பும் இந்தக் குழாய் வழியாகத்தான். ஓடிக்கொண்டிருக்கிற உலகத்தை அப்படியே டார் (ஒரே கோப்பாகக் கட்டும் கட்டளை) செய்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும். "சேவ்-ஓஃப்" அனுப்புங்கள், பிறகு "சேவ்-ஆல் ஃப்ளஷ்", ஜேர்னலில் "சேவ்ட் த கேம்" வரும்வரை பொறுத்து டார், கடைசியில் "சேவ்-ஓன்". இந்தக் கடைசியை ஸ்கிரிப்டின் மேலேயே, ஸ்கிரிப்ட் எப்படி நின்றாலும் ஓடுகிற ட்ராப் கட்டளையில் போட்டுவிடுங்கள். டிஸ்க் நிரம்பி டார் பாதியில் விழுந்து ஸ்கிரிப்ட் நின்றால், சேவ்-ஓன் போகாமல் சேர்வர் நாள்கணக்கில் தானாக எதையும் எழுதாமல் ஓடும். விளையாடுகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடுத்த கரண்ட் வெட்டில்தான் தெரியவரும். இன்னொன்று: தேதியிட்ட கோப்புப் பெயரைக் கிரொன் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) வரியிலேயே எழுதினால் சதவீதக் குறியைக் கிரொன் வரி முடிவாக எடுத்துவிடும். தேதியை ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள். ஏழு நாள் வைத்திருந்து பழையதை அழியுங்கள். ஒரு பிரதியாவது வேறு டிஸ்கில் இருக்கட்டும்.

இனிக் கரண்ட். மானிட்டர் இல்லாத பழைய டெஸ்க்டொப் பெரும்பாலும் 50 முதல் 80 வாட் இழுக்கும். 650 விஏ யுபிஎஸ் ஒன்று, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி, புதிதாக இருந்தால் பத்து நிமிடமாவது தாங்கும். உங்களுக்குத் தேவை மூன்று நிமிடம். ஆனால் ஈயப் பற்றரிக்கு 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே, வைகாசிச் சூட்டில் வைத்த யுபிஎஸ் இரண்டு வருடத்தில் வெறும் பெட்டி. சீமெந்துத் தரையோடு, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள்.

யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இருந்தால் பற்றரியைக் கவனித்துக் கொம்பியூட்டரை மூடுகிற நட் என்ற மென்பொருளைப் போடுங்கள். மலிவான யுபிஎஸ்களுக்குப் பெரும்பாலும் நட்டிரைவ்_கியூஎக்ஸ் என்ற டிரைவர் பொருந்தும். யுஎஸ்பி இல்லையா? ஒரு சாட்சியை வையுங்கள். பழைய ரௌட்டரோ சுவிட்சோ, பிங்குக்குப் பதில் சொல்லும் எதுவும் சரி. அதற்கு நிலையான ஐபி கொடுத்து, யுபிஎஸ்ஸில் போடாமல் நேரே சுவர்ப் பிளக்கில் போட்டு, கேபிளால் உங்கள் ரௌட்டரோடு இணையுங்கள். ரௌட்டரும் சேர்வரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஒரு ஸ்கிரிப்ட் 15 நொடிக்கு ஒருமுறை சாட்சியைப் பிங் செய்யும். தொடர்ந்து நான்கு முறை பதில் இல்லை, ஆனால் ரௌட்டர் பதில் சொல்கிறது என்றால் கரண்ட் போய்விட்டது: கொம்பியூட்டரை மூடு. ரௌட்டரும் பதில் சொல்லவில்லை என்றால் கேபிள் கழன்றிருக்கிறது: சும்மா இரு. இந்த இரண்டாவது சோதனையை விட்டால் வீட்டில் யாராவது வயரில் தடக்கும்போதெல்லாம் சேர்வர் மூடிக்கொள்ளும்.

திரும்பத் தொடங்குவதில்தான் ஒரு மறைவான குழி இருக்கிறது. பயோஸில் "ரீஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்" என்பதை "பவர் ஒன்" ஆக்கினால் கரண்ட் வந்ததும் தானாகத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொம்பியூட்டர் ஒழுங்காக மூடியபிறகு, யுபிஎஸ் பற்றரி தீருமுன்பே கரண்ட் வந்துவிட்டால்? கொம்பியூட்டரின் கணக்கில் கரண்ட் போகவேயில்லை. அது தொடங்காது, நீங்கள் வேலையால் வந்து பொத்தானை அமத்தும்வரை கிடக்கும். ஆகவே வெறுமனே மூடாமல் "ஆர்டிசிவேக் -எம் ஓஃப் -எஸ் 3600" என்று மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து கொம்பியூட்டரின் கடிகாரமே எழுப்பும். அதற்குள் யுபிஎஸ்ஸும் செத்திருந்தால், கரண்ட் வரும்போது பயோஸ் எழுப்பும்.

இரண்டுக்கும் மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி உயிரோடு இருக்க வேண்டும். பத்து வருடப் பழைய கொம்பியூட்டரில் அது அநேகமாகச் செத்திருக்கும். செத்தால் பயோஸ் அமைப்பும் போகும், கடிகாரமும் பின்னுக்குப் போகும். தேதி பிழைத்தால் சான்றிதழ் சோதனை தோற்று, ஆட்கள் உள்ளே வரும்போது அடையாளச் சோதனைப் பிழைதான் வரும். பல பேர் இதை இன்ரநெற் பிழை என்று நினைத்து ரௌட்டரை மாற்றுகிறார்கள். "டைம்டேட்சிடிஎல்" அடித்துத் தேதியைப் பாருங்கள். புதுப் பற்றரி போடுவதோடு, சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் என்ற சேர்விஸை இயக்கி, மைன்.சேர்விஸில் ஆஃப்டர் = டைம்-சிங்க்.டார்கெட் என்று போட்டால், 4ஜி ரௌட்டர் மெதுவாக எழும்பினாலும் நேரம் சரியானபிறகே சேர்வர் தொடங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாரி இடிக்கும் சித்திரைப் பின்னேர இடிக்கும் யுபிஎஸ் காவல் அல்ல. பக்கத்து வீட்டுக்கு வேலியோரம் இழுத்த செப்பு லான் கேபிள்தான் இடியைக் கூட்டிவரும் வழி. இருட்டிக்கொண்டு வந்தால் அதைக் கழற்றுங்கள்.

அடுத்தது வெளியாட்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது அதன் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 இலிருந்து 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறீர்கள். 4ஜி ரௌட்டர்களில் இது வழமை. மைன்கிராஃப்ட்டின் 25565 ஆம் போர்ட்டை எத்தனை முறை ஃபோர்வேர்ட் செய்தாலும் வேலை செய்யாது. நான்கைந்து பேர்தான் என்றால் டெய்ல்ஸ்கேல் என்ற தனி நெட்வேர்க் மென்பொருளைப் போடுங்கள். எல்லோரும் அதை நிறுவி, அது தரும் ஐபிக்கு வருவார்கள். கூட்டம் பெரிது என்றால் சிங்கப்பூரில் சின்ன விபிஎஸ் (இன்ரநெற்றில் கிடைக்கும் வாடகைச் சேர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அங்கே வயர்கார்ட் (விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போடுங்கள். வழமையான போர்ட் 51820 யுடிபி. வீட்டுப் பக்கத்தில் பேர்சிஸ்டன்ட்கீப்அலைவ் = 25 கட்டாயம்; சும்மா இருந்தால் இடையில் முகவரியை மாற்றிக் கொடுக்கும் நாட் (NAT) இணைப்பை மறந்துவிடும்.

இந்தச் சுரங்கத்தில் இரண்டு பிழை வரும். சேர்வர் பட்டியலில் பச்சையாகத் தெரிகிறது, உள்ளே போனால் உலகம் ஏறாமல் தொங்குகிறது என்றால் எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு). சின்னப் பொதி போகிறது, பெரிய பொதி வழியில் சிக்குகிறது. வயர்கார்ட்டின் 1420 ஐ 1280 ஆக்கிப் பாருங்கள். மற்றது, விபிஎஸ்ஸில் மாஸ்கரேட் (வருகிறவரின் ஐபியை மறைத்துத் தன் ஐபியைப் போடுவது) போட்டிருந்தால் எல்லோரும் ஒரே ஐபியில் வருவதாகத் தெரியும். ஒருவரை "பேன்-ஐபி" செய்தால் முழுப்பேரும் வெளியே. பெயரால் மட்டும் தடை செய்யுங்கள். வைட்-லிஸ்ட்டையும் என்ஃபோர்ஸ்-வைட்லிஸ்ட்டையும் ட்ரூ ஆக்குங்கள். ஒன்லைன்-மோட்டை ஃபோல்ஸ் ஆக்கினால் யாரும் உங்கள் பெயரில் வந்து நிர்வாகியாகலாம்.

ரொறன்ரோப் பெடியளுக்கு ஒன்றை முதலே சொல்லிவையுங்கள். வன்னிக்கும் அங்கேக்கும் 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீற்றர்தான் ஓடும். நேர்கோட்டில் இழை இருந்தாலே போய்வர 130 மில்லிநொடி; கேபிள் சுற்றிப் போவதால் அதைவிடக் கூடும். கட்டுவதற்கு இது போதும், வாள்சண்டைக்குப் போதாது.

எல்லோருக்கும் சேர்ந்து இழுத்தால் அது வேறு. சேர்வர் நொடிக்கு 20 துடிப்பு, ஒன்றுக்கு 50 மில்லிநொடி. "கான்ட் கீப் அப்" என்று ஜேர்னலில் வந்தால் வியூ-டிஸ்டன்ஸை 10 இலிருந்து 6 ஆகவும் சிமுலேஷன்-டிஸ்டன்ஸை 4 ஆகவும் குறையுங்கள். "டிக் குவெரி" கட்டளை சராசரியைக் காட்டும்.

பின்னர் வால்ஹெய்ம் என்ற விளையாட்டின் சேர்வரைப் போட ஆசைப்பட்டால் மாறுவது கொஞ்சம்தான்: ஸ்டீம்சிஎம்டி என்ற இறக்கும் கருவியில் ஃபோர்ஸ்_இன்ஸ்டால்_டிர் வரியை லொகினுக்கு முன் கொடுத்து, 896660 ஐ இறக்குங்கள். 0x202 என்று நின்றால் டிஸ்கில் இடமில்லை. போர்ட் 2456, 2457 யுடிபி. அது சிக்இன்ட் (கொன்ட்ரோல்+சி அனுப்பும் சமிக்ஞை) கேட்டே ஒழுங்காகச் சேமிக்கும், ஆகவே சேர்விஸ் கோப்பில் கில்சிக்னல் = சிக்இன்ட்.

எல்லாம் போட்டபிறகு, பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு ஞாயிறு பின்னேரம் ஒருவரை உள்ளே கல் வைக்கச் சொல்லி, யுபிஎஸ்ஸையும் சாட்சியையும் சுவரிலிருந்து ஒன்றாகக் கழற்றுங்கள். ஒரு நிமிடத்தில் "ஸ்டொப்பிங் சேர்வர்", "சேவிங் வேர்ல்ட்ஸ்" என்று ஜேர்னலில் வர வேண்டும். கொம்பியூட்டர் மூடியதும் ஐந்தாவது நிமிடம் இரண்டையும் திரும்பப் போட்டுவிட்டு, பொத்தானைத் தொடாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள். தானாக எழும்பி, வைத்த கல் அங்கேயே இருந்தால் சரி. எழும்பாவிட்டால் முதலில் பயோஸில் ஆர்டிசி (கடிகார) விழிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.